நாற்பத்தொரு பை மக்காச்சோளம்

ஆகஸ்ட் 24

என் பெயர் சென்னியப்பன். வயது எழுபத்தாறு. ஊர் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே. இப்போது இருப்பது கனடாவில், மகள் வீட்டில். எழுதுகிற கை என்னுடையது அல்ல. பள்ளிக்கூடத்தின் உட்புறத்தை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஓடு மாற்ற ஏறியபோது, மேலேயிருந்து.

கை, சம்பந்தி திருமூர்த்தி வாத்தியாருடையது. அவருடைய இளைய மகன் ஜெகதீசனுக்குத்தான் என் மகள் சுகுணாவைக் கொடுத்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். இப்போது இதே வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு மறதி. மறதி என்று நான் சொன்னதும் பேனா நின்றது. எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டார்.

போன மாதம் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு நடக்கப் போனார். கெட்டில் கருகி அடி கழன்றுவிட்டது. திரும்பி வந்தவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, சோபாவில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒரு காபி கேட்டிருக்கிறார். அந்த வெள்ளைக்காரக் கிழவியும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். காபி நன்றாக இருந்ததாம். அது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்று மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"அப்பா, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா என்னால முடியாதுங்ப்பா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. கோயமுத்தூர்ல அண்ணன் ஒரு எடம் பாத்து வெச்சிருக்கான். பெரியவங்க தங்கற விடுதி. நர்சு, டாக்டரு எல்லாம் உண்டு. ரூம் வேணுமா வேண்டாமான்னு பொங்கலுக்குள்ள சொல்லோணும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "பத்து வருசம் ஹாஸ்டல் வார்டனா இருந்தவன்டா நான். மேசைக்கு அந்தப் பக்கம் உக்கார்ற பசங்க பாடு என்னன்னு எனக்குத் தெரியும். என்னை அந்தப் பக்கம் உக்கார வெச்சுராதே."

மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா இவரைத் தினமும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார். பொங்கல் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். மூன்று நாள் வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதத் தெரியும், நடந்தது ஞாபகம் இல்லை. எனக்கு நடந்தது அத்தனையும் ஞாபகம், எழுதத் தெரியாது. "எங்கப்பா சொல்லட்டும், மாமா எழுதட்டும்" என்று சுகுணா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எழுதுனா எழுதுனதுதானுங் சம்மந்தி. பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாது."

"அடிக்கற மாதிரி நான் என்னங் சொல்லிறப் போறேன்?" என்றேன்.

ஆகஸ்ட் 26

மே மாதம் வந்து இறங்கிய மறுவாரமே வீட்டுக்குப் பின்னால் எட்டு வரிசை மக்காச்சோளம் ஊன்றினேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் செய்த வேலை. இப்போது கதிர் திரண்டு நிற்கிறது. சுகுணா இதையெல்லாம் பறித்து, வேகவைத்து, ஃபிரீசரில் போட்டு, குளிர்காலம் முழுக்கச் சாப்பிடலாம் என்கிறாள்.

எங்கள் ஊரில் மக்காச்சோளத்தைக் கோழி தின்னும். கோழியை நாங்கள் தின்போம். இங்கே நடுவிலிருந்த கோழியை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 29

காலையில் பார்த்தால் மூன்றாம் வரிசையில் பதினொரு கதிரைக் காணோம். ரக்கூன் என்று ஒரு பிராணி. கண்ணைச் சுற்றிக் கறுப்பாக, திருடப் போகிறேன் என்று முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். முற்றியதையும் தொடவில்லை, பிஞ்சையும் தொடவில்லை. பால் பிடித்த கதிராகப் பார்த்து உரித்துத் தின்றிருக்கிறது. பதம் தெரிந்த பிராணி. அது சொல்லிவிட்டது, நாளைக்குப் பறிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30

இன்று வேலை. கை ஓய்ந்தாலும் பரவாயில்லை, முழுசாக எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

விடிந்ததும் நான் பறித்தேன். வாத்தியார் தோகை உரித்தார். ஒவ்வொரு கதிரிலும் ஒட்டியிருந்த நாரை ஒன்றுகூட விடாமல் எடுத்தார், பையன்கள் தலையில் பேன் பார்ப்பதுபோல. சுகுணா கொதிக்கிற அண்டாவில் கதிர்களைப் போட்டு, நான்கு நிமிடம் கழித்து எடுத்து, அப்படியே பனிக்கட்டித் தண்ணீருக்குள் தள்ள வேண்டும் என்றாள்.

"ஏன் அம்மிணி, சுடுதண்ணியில இருந்து எடுத்துப் பச்சத்தண்ணியில போட்டா அதுக்கு ஜன்னி வந்துராதா?"

"அப்பா, பச்சையா வெச்சா ரெண்டு மாசத்துல வைக்கோலாட்டம் ஆயிரும். வேகற வேலைய நாலு நிமிசத்துல நிறுத்தோணும், அதுக்குத்தான் ஐஸ். சொன்னாச் செய்யுங்."

நேரம் பார்க்கிற பொறுப்பு வாத்தியாருக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது பார்க்க ஆரம்பித்தார் என்பது போய்விட்டது. முதல் அண்டா கஞ்சியானது. சுகுணா உள்ளே போனாள். மாப்பிள்ளை வீட்டில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

வாத்தியார் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். முகம் செத்துவிட்டது.

"ஏனுங் வாத்தியாரே, பதினாறாம் வாய்ப்பாடு வருமுங்களா?" என்று கேட்டேன்.

"என்ன கேள்விங் கேக்கறீங்க? அது எப்படி மறக்கும்?"

"வகுப்புல சொல்ற மாதிரி சொல்லுங், பாக்கலாம்."

ஓர் பதினாறு பதினாறு என்று ஆரம்பித்தார். பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு என்று முடிக்க முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆனது. ஐந்து தடவை சொன்னால் நான்கு நிமிடம். அதற்குப் பிறகு ஒரு கதிர்கூடக் குழையவில்லை. எத்தனையாவது தடவை என்று நான் விரல் மடக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் கிழவி வேலிமேல் எட்டிப் பார்த்துக் கைகூப்பினாள். ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்திருப்பாள்.

ஆறவைத்த கதிரை நிறுத்திவைத்துக் கத்தியால் மணியைச் சீவி, ஜிப் வைத்த பைகளில் போட்டோம். பைக்குள் காற்று இருக்கக் கூடாதாம். ஓரத்தில் ஜூஸ் குடிக்கிற குழாயைச் செருகி வாத்தியார் உறிஞ்சினார். நான்காவது பையில் ஒரு மணி குழாய் வழியாக ஏறி அவர் தொண்டையில் போய் நின்றது. முதுகில் நான்கு தட்டுத் தட்டினேன். சம்பந்தியை அடிக்க இப்படி ஒரு வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது.

மொத்தம் நாற்பத்தொரு பை. ஒவ்வொன்றின்மேலும் வாத்தியார் எண், தேதி, ஆவணி 14 என்று தமிழ்த் தேதி, எத்தனையாம் வரிசைக் கதிர் என்பது வரை எழுதினார். சுகுணா "சோளம்னு போட்டாப் போதுமுங் மாமா" என்றாள். "சான்றிதழ்ல பாதி எழுதுவாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

வீட்டை விட்டுத் தள்ளி, கார் கொட்டகையில் ஃபிரீசர் இருக்கிறது. ஆள் படுக்கிற அளவு பெட்டி. மார்கழியில் இங்கே வெளியில் வைத்த தண்ணீரே பாறையாகும் என்கிறார்கள். பிறகு எதற்குக் கரண்டைத் தின்கிற பெட்டி என்று கேட்டேன். சுகுணா மூடியைச் சாத்தினாள்.

எனக்கு ஜனவரி 20 விமானம். இந்தச் சோளத்தில் பாதியைக்கூட நான் பார்க்கப் போவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

செப்டம்பர் 17

மழை. ஒன்றுமில்லை.

அக்டோபர் 11

சோள உப்புமா, சோளப் பணியாரம், சோளக் குழம்பு. நேற்று ரசத்தில் மிதந்தது. இன்னும் முப்பத்திரண்டு பை.

"மாமா, கொஞ்சம் போட்டுக்குங்க" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாங் மாப்ள. றெக்கை மொளைக்கற மாதிரி இருக்குது."

நவம்பர் 9

முதல் பனி. வாத்தியார் தினமும் காலையில் தெருமுனை வரை நடக்கிறார். நான் அவர் பின்னால் போவதாக மகள் நினைக்கிறாள். இல்லை. எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது.

என்ன வேலை என்று எழுதுகிறவர் கேட்கிறார்.

வேலை என்று எழுதுங்கள்.

டிசம்பர் 23

மாப்பிள்ளையின் சிநேகிதர் வீட்டுக்கு ஒட்டாவா போகிறோம். ஐந்து நாள். எல்லோரும் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டோம், வாத்தியாரைக் காணோம். கடைசி ஆளாக வீட்டுக்குள் ஒரு சுற்று வந்து, விளக்கு, டிவி, மைக்ரோவேவ் என்று ஒவ்வொன்றாக அணைத்திருக்கிறார். கார் கொட்டகைக்குள்ளும் போய் வந்தார். பிறகு வாசற்கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். பொறுப்பான மனிதர் என்று எழுதச் சொன்னேன். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது என்கிறார். நான் சொல்வது, நீங்கள் எழுதுங்கள் என்றேன்.

டிசம்பர் 28

திரும்பி வந்தோம். கொட்டகையில் வைத்த தண்ணீர் வாளி பாறாங்கல்லாகி, வாளியே வெடித்துக் கிடந்தது. என் மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி 4

சுகுணா சோளம் எடுக்கப் போனாள். வேண்டாம், எனக்கு வயிறு சரியில்லை என்று தடுத்துவிட்டேன். இருபத்துநான்கு பை அப்படியே இருக்கட்டும். மெதுவாகச் செலவானால் போதும். ஏன் என்று கேட்காமல் எழுதுங்கள் வாத்தியாரே.

ஜனவரி 12

பொங்கலுக்குச் சோளப் பாயசம் வைக்கலாம் என்று சுகுணா கொட்டகைக்குப் போனாள். போனவள் அங்கிருந்தே கத்தினாள். ஃபிரீசர் விளக்கு எரியவில்லை. பிளக் தரையில் கிடக்கிறது. ஒயரைச் சுருட்டி, சுருட்டியதை ஒரு நூலால் கட்டி வேறு வைத்திருக்கிறது.

மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் திறந்தார். நாற்றமே இல்லை. ஒரு பையைத் தூக்கினார். வழுக்கிக் காலில் விழுந்தது. பதினெட்டாம் எண் பை, ஐந்தாம் வரிசைக் கதிர். துள்ளினார் பாருங்கள். சோளம் கருங்கல்லாக இருந்தது. பெட்டி ஓடாமலே மூன்று வாரம் பனியில் அப்படியே உறைந்து கிடந்திருக்கிறது. ஆவணியிலேயே நான் சொன்னேன்.

மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றபடி வாத்தியாரைப் பார்த்தார்.

"அப்பா. நீங்களா?"

வாத்தியார் பிளக்கைப் பார்த்தார். சுருட்டிய ஒயரைப் பார்த்தார். "தெரியலையேப்பா" என்றார்.

"சோளம் போனாப் போகுதுங்ப்பா. நாளைக்கே இது அடுப்பா இருந்தா? அண்ணனுக்கு நாளானைக்குள்ள பதில் சொல்லோணும். நான் என்னன்னு சொல்லட்டும்?"

அப்போது நான் சொன்னேன். "நான்தானுங் மாப்ள பிடுங்குனேன்."

"மாமா?"

"ஊரே உறைஞ்சு கெடக்குது, உள்ள ஒரு பெட்டி உர்ருன்னு ஓடிக்கிட்டு. பாக்கப் பொறுக்கலீங். பிடுங்கிப் போட்டேன்."

மாமனாரைத் திட்ட எங்கள் பக்கத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் வாய் வராது. என் கோட்டை அதுதான். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. நொண்டிக்கொண்டே வெளியில் போய், ஏற்கெனவே பனி அள்ளிய இடத்திலேயே மறுபடியும் அரை மணி நேரம் அள்ளினார்.

ஆகையால் எழுதுங்கள்: டிசம்பர் 23 அன்று ஃபிரீசர் பிளக்கைப் பிடுங்கியது சென்னியப்பனாகிய நான்.

வாத்தியார் எழுதாமல் பக்கத்தைப் பின்னால் புரட்டினார். டிசம்பர் 23. தன் கையெழுத்தைத் தானே வாசித்தார். "கார் கொட்டகைக்குள்ளும் போய் வந்தார்." இரண்டு தடவை வாசித்தார்.

"இதுல வேற மாதிரி இருக்குதுங் சம்மந்தி."

"அந்த வரிய அடிச்சிருங். டாக்டரம்மா கேக்கறதுக்கு மின்னால மாப்ள இந்த நோட்டைப் படிப்பாரு."

"அடித்தல் திருத்தல் கூடாது."

"ஒத்தை வரிதானுங்."

"ஒத்தை எழுத்தா இருந்தாலும்."

"உங்களைக் கோயமுத்தூருக்கு அனுப்பிருவாங்க, தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றார்.

குறிப்பு: மேற்கண்டது சென்னியப்பன் அவர்கள் சொன்னபடியே எழுதப்பட்டது. உண்மை அன்று. — தி.

ஜனவரி 14, பொங்கல்

அன்று நான் சொல்லி முடித்த பிறகும் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். இன்று தெரிந்துவிட்டது.

பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டு இலையில் உட்கார்ந்தோம். வாத்தியார் துவைத்த சட்டை, நெற்றியில் பட்டை, கையில் இந்த நோட்டு. இலைக்கு முன்னால் நின்றபடி, கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிப்பதுபோல டிசம்பர் 23-ஐ வாசித்தார். பிறகு ஜனவரி 12. பிறகு அந்தக் குறிப்பு.

"பிளக்கைப் பிடுங்குனது நான்தான் ஜெகா. உங்க மாமா சொன்னது பொய்."

"மாமா!" என்றார் மாப்பிள்ளை. அவர் என்னிடம் குரலை உயர்த்தியது கல்யாணமாகி இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. அதுவும் கொஞ்சம்தான்.

"பொய்தானுங் மாப்ள" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஏனுங்ப்பா, எதுக்குப் பிடுங்குனீங்க?" என்று சுகுணா கேட்டாள், அவள் மாமனாரை. மாமா என்றுதான் கூப்பிடுவாள். இன்று வாயில் அப்பா என்று வந்துவிட்டது. நானும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

வாத்தியார் நோட்டைக் கீழே இறக்கினார். பிறகு தெளிவாகச் சொன்னார். "டிசம்பர் இருவத்திமூணு. அரையாண்டுப் பரீச்சை முடிஞ்சு பள்ளிக்கூடம் பூட்டற நாளு அம்மிணி அது. கடைசியாக் கெளம்பறவன் ஹெட்மாஸ்டரு. எல்லா சுவிச்சையும் நிறுத்தி, ஒயரைச் சுருட்டிக் கட்டி வெச்சிட்டுத்தான் சாவி. எலி கடிச்சிருமே."

"செரிங்ப்பா. திரும்பி வந்தமே, போட வேண்டாமுங்களா?" என்றார் மாப்பிள்ளை.

வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தெறக்கற நாளு சுவிச்சுப் போடறது ஹெட்மாஸ்டர் வேலையாடா? வாட்ச்மேன் வேலை."

முதலில் சிரித்தது சுகுணா. மாப்பிள்ளை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "குப்பாண்டி! வாட்ச்மேன் குப்பாண்டி வந்து மெயினைப் போட்டாத்தானுங் மாமா பள்ளிக்கூடத்துல மணியே அடிக்கும். அப்பா கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டிருப்பாரு, தொட மாட்டாரு." சிரிப்பு அடங்கியதும் இலையைப் பார்த்தபடியே கேட்டார். "இங்க குப்பாண்டி இல்லையேப்பா. என்ன பண்றது?"

வாத்தியார் மெதுவாக உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்து மூடினார்.

"ஏனுங் மாப்ள, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"மாமா, உங்களுக்கு இருவதாந்தேதி டிக்கெட்டு."

"இருவத்திமூணு பை பாக்கி இருக்குது. ஊனுனவன் நான். அது தீராம எப்படிங் போறது?"

"உங்களுக்குத்தான் சோளம்னாலே ஆகாதே!"

"அது வேற விசயம்."

மாப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், இடது கையில் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். "ரூம் வேண்டாம்னு சொல்லிருண்ணா. இல்ல, யோசிச்சுத்தான் சொல்றேன். இங்க வாட்ச்மேன் போட்டாச்சு."

வாத்தியார் என்னிடம் சாய்ந்து காதோடு சொன்னார். "லீவு கெடையாதுங், சம்மந்தி."

ஜனவரி 20

விமானம் போயிருக்கும். பொங்கலுக்கு வைத்த சோளப் பாயசம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை.

பிப்ரவரி 6

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மாப்பிள்ளை இந்த நோட்டைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நவம்பர் 9 வந்ததும், என்ன வேலை என்று டாக்டரம்மாவும் கேட்டாராம்.

வேலை.

மார்ச் 8

பனி இளக ஆரம்பித்திருக்கிறது. கோயிலுக்குக் கிளம்பினோம். வாத்தியார் கடைசி ஆளாக வீடு முழுக்க ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் அணைத்தார். கொட்டகைக்குள்ளும் போனார். அவர் காரில் ஏறிய பிறகு, செருப்பை மறந்துவிட்டேன் என்று இறங்கிப் போய், போட வேண்டியதையெல்லாம் போட்டுவிட்டு வந்தேன்.

"எல்லாம் அணைச்சாச்சுங்களா சம்மந்தி?" என்று கேட்டார்.

"ஆச்சுங்" என்றேன்.

சோளம் இன்னும் தீரவில்லை. எனக்கு அது ஒத்துக்கொள்ளாததால் செலவாவது மெதுவாகத்தான் இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை. தீர்ந்ததும் கிளம்பிவிடுவேன்.

குறிப்பு: பை பத்தொன்பது இருக்கிறது. இன்று கோயிலில் சென்னியப்பன் அவர்கள் ஆறு வடை சாப்பிட்டார், அதன்மேல் இரண்டு கிண்ணம் தயிர்சாதம். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. — தி.